எங்கள் கம்பெனி முகவரியிலிருந்தே போலி இன்வாய்ஸ் போயிருக்கிறது. டிமார்க் போட்டும் எப்படி?

பிறைவாசி
வெள்ளிக்கிழமை, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு, பிறை தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மெஷின் உதிரிபாகங்கள் வாங்கி விற்கிறோம், மொத்தம் 22 பேர். ஐடிக்கென்று தனியாக ஆள் கிடையாது. எனக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால் அந்த வேலையும் என் தலையில்தான்.

இன்று மத்தியானம் ஈப்போவிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டார். எங்கள் முதலாளியிடம் இருபது வருஷமாகச் சரக்கு எடுப்பவர். "என்னம்மா, காசு வந்துருச்சா? புது பேங்குக்குத்தான் போட்டேன்" என்றார். எந்தப் புது பேங்க்? எங்களுக்கு ஆரம்பத்திலிருந்து ஒரே அக்கவுண்ட்தான். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. எங்கள் லெட்டர்ஹெட். எங்கள் இன்வாய்ஸ் எண். தொகை சென் வரைக்கும் சரி, 48,600 வெள்ளி (ரிங்கிட்). பேங்க் விவரம் மட்டும் வேறு. அனுப்பிய முகவரியோ நான் தினமும் உட்கார்ந்து வேலை பார்க்கிற அதே அக்கவுண்ட்ஸ் முகவரி. ஒரு எழுத்துகூட மாற்றமில்லை.

உடனே அவரை மோசடிப் புகார் எண்ணான 997க்குக் கூப்பிடச் சொன்னேன். தன் பேங்குக்கும் சொல்லிவிட்டு, பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட்டும் போட்டுவிட்டார். கொஞ்சம் பணம் அந்த அக்கவுண்டிலேயே பிடிபட்டது, மீதி அதற்குள் வேறு எங்கோ போய்விட்டது.

எங்கள் வெப்சைட், மெயில் ஹோஸ்டிங்கைப் பார்த்துக்கொள்பவர், போலி மெயிலைத் தடுக்கும் ஏற்பாடுகளைச் சொல்லி, போன வருஷமே "எஸ்பிஎஃப், டிமார்க் எல்லாம் போட்டாச்சு, இனி உங்க பேர்ல யாரும் மெயில் அனுப்ப முடியாது" என்று சொன்னார். அப்புறம் இது எப்படி நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ராத்திரி தூக்கம் வராது போலிருக்கிறது.


பயான்_சர்வர்
வெள்ளிக்கிழமை, இரவு 10.15

தங்கச்சி, முதலில் அந்த மெயிலை யாரும் ஃபார்வர்டு பண்ண வேண்டாம். ஃபார்வர்டு பண்ணினால் நமக்கு வேண்டிய ஹெடர், அதாவது மெயில் எப்படி வந்தது என்ற விவரம், போய்விடும். ஈப்போக்காரரிடம் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ஒரிஜினலைக் காட்டச் சொல்லும் இடத்துக்குப் போய், ஃபைலாக இறக்கி அனுப்பச் சொல்லுங்கள். மேல்பகுதியில் "ஆதென்டிகேஷன் ரிசல்ட்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னால் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

ஹோஸ்டிங்காரர் உங்கள் டிமார்க்கில் என்ன பாலிசி போட்டார் என்றும் கேளுங்கள். "போட்டாச்சு" என்பது போதாது, என்ன போட்டார் என்பதுதான் விஷயம்.


பிறைவாசி
சனிக்கிழமை, காலை 8.05

அவர் மகன் எடுத்து அனுப்பினார் அண்ணே. இப்படி இருக்கிறது: எஸ்பிஎஃப் பாஸ். டிகிம் நன். டிமார்க் ஃபெயில். டிமார்க் பக்கத்தில் அடைப்புக்குள் பி=நன் என்று போட்டிருக்கிறது.

எஸ்பிஎஃப் பாஸ் ஆகியிருக்கிறதே? அப்படியென்றால் எங்கள் சர்வரிலிருந்துதான் போனதா?


பயான்_சர்வர்
சனிக்கிழமை, காலை 9.30

இல்லை. அந்த பாஸ் பக்கத்தில் எந்த டொமைன் (முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையதாக இருக்காது.

கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், இது புரியாமல் மற்றது எதுவும் பிடிபடாது. நாம் மெயில் அனுப்புகிற எஸ்எம்டிபி முறை 1982இல் எழுதப்பட்டது. அப்போது வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும்தான். அனுப்புகிறவர் நிஜமாகவே அவர்தானா என்று கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை. இன்றைக்கும் அடியில் ஓடுவது அதே முறைதான்.

ஒரு மெயிலில் அனுப்புநர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று உறையின் மேல், சர்வர்கள் தங்களுக்குள் பேசும்போது சொல்லிக்கொள்வது. இன்னொன்று உறைக்குள் இருக்கும் கடிதத்தின் தலையில். உங்கள் ஈப்போ ஐயாவின் கண்ணுக்குத் தெரிவது உள்ளே இருப்பது மட்டும். எஸ்பிஎஃப் சோதிப்பதோ உறை மேல் இருப்பதை. "இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த இந்த சர்வருக்குத்தான் அனுமதி" என்று டிஎன்எஸ்ஸில் (டொமைன் விவரங்களை எல்லாரும் பார்க்கும்படி வைக்கும் பதிவேடு) எழுதி வைப்போமே, அந்தப் பட்டியல்தான் எஸ்பிஎஃப். திருடன் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, அதற்கு எஸ்பிஎஃப் ஒழுங்காகப் போட்டு, உறை மேல் அதை எழுதிவிட்டு, உள்ளே கடிதத்தில் உங்கள் முகவரியை எழுதிவிட்டான். உறை சுத்தம், அதனால் பாஸ்.

டிகிம் என்பது முத்திரை. அனுப்பும் சர்வர் தன்னிடம் உள்ள ரகசியச் சாவியால் கடிதத்தின் மேல் ஒரு கையெழுத்து வைக்கும். பெறுகிற சர்வர் டிஎன்எஸ்ஸில் இருக்கும் பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்கும். வழியில் யாராவது உள்ளே கை வைத்தால் முத்திரை உடைந்துவிடும். யாஹூ ஒரு முறை வைத்திருந்தது, சிஸ்கோ இன்னொன்று வைத்திருந்தது. இரண்டும் சேர்ந்து 2007இல் டிகிம் ஆனது.

இந்த இரண்டையும் உள்ளே இருக்கும் பெயரோடு பொருத்திப் பார்ப்பது டிமார்க். 2012இல் அறிவித்தார்கள், 2015இல் ஆர்எஃப்சி 7489 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது. எஸ்பிஎஃப் அல்லது டிகிம், ஏதாவது ஒன்று பாஸ் ஆகி, அந்த டொமைனும் கடிதத்தில் தெரியும் டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபெயில். ஃபெயிலானதை என்ன செய்வது என்று டொமைனுக்குச் சொந்தக்காரர்தான் எழுதி வைக்க வேண்டும். நன் என்றால் ஒன்றும் செய்யாதே. குவாரன்டைன் என்றால் ஸ்பேமில் தள்ளு. ரிஜெக்ட் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பு.

உங்கள் ஹோஸ்டிங்காரர் எழுதியது நன். ஈப்போ ஐயாவின் மெயில் சர்வர் இது போலி என்று கண்டுபிடித்துவிட்டது, தங்கச்சி. உங்கள் டொமைனிடம் என்ன செய்வது என்று கேட்டது. விட்டுவிடு என்று பதில் வந்தது. விட்டுவிட்டது.


பிறைவாசி
சனிக்கிழமை, காலை 9.52

கடைசி வரியை மூன்று முறை படித்தேன். நாங்கள்தான் விட்டுவிடச் சொல்லியிருக்கிறோம்.


லெபோ_பசார்
சனிக்கிழமை, காலை 11.20

அப்புறம் என்ன யோசனை? இன்றைக்கே ரிஜெக்ட் போட்டுவிடுங்கள். ஒரு வார்த்தை மாற்றுகிற வேலைதானே.

ஏன் இத்தனை பேர் நன்னிலேயே நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும், ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக் முகவரிகளுக்கு அதே மாதிரி கேட்டது. விதிக்கு நன் இருந்தாலே போதும். அதனால் எல்லாரும் ஓடி ஓடி நன் போட்டார்கள், மெயில் போய்ச் சேர்ந்தது, வேலை முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். லிட்டில் இந்தியாவில் என் கடைக்கும் அதே கதைதான், போன மாதம்தான் மாற்றினேன்.


பயான்_சர்வர்
சனிக்கிழமை, மத்தியானம் 12.10

பசார் அண்ணே, காரணம் நீங்கள் சொன்னதுதான். ஆனால் தங்கச்சி இன்றைக்கு ரிஜெக்ட் போடக்கூடாது. டிகிம் நன் (முத்திரையே இல்லை) என்று வந்தது போலி மெயிலில், அதை விடுங்கள். உங்கள் நிஜமான இன்வாய்ஸ் மெயில் ஒன்றின் ஹெடரை எடுத்துப் பாருங்கள். அதில் எஸ்பிஎஃப், டிகிம் என்ன சொல்கிறது?


பிறைவாசி
சனிக்கிழமை, மத்தியானம் 1.35

என் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தேன். எஸ்பிஎஃப் பெர்ம்எரர் என்று வருகிறது. டிகிம் நன். டிமார்க் ஃபெயில்.

எங்கள் உண்மையான மெயிலும் ஃபெயில்தானா!


பயான்_சர்வர்
சனிக்கிழமை, மத்தியானம் 2.00

அதனால்தான் நிறுத்தினேன். இன்று ரிஜெக்ட் போட்டிருந்தால் திங்கட்கிழமை காலையில் உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு மெயிலும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்காது.

டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து எஸ்பிஎஃப் வரி எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு பெர்ம்எரர், அதாவது எழுதியதே தவறு, என்று சொல்லிவிடும்.


பிறைவாசி
சனிக்கிழமை, மத்தியானம் 2.40

இரண்டு இருக்கிறது. ஒன்று பழையது. இன்னொன்று போன வருஷம் ஜூலையில் வந்தது. 5 மில்லியனுக்கு மேல் 25 மில்லியன் வரை விற்பனை உள்ள கம்பெனிகளுக்கு 1 ஜூலை 2025இலிருந்து இ-இன்வாய்ஸ் (வருமான வரித்துறையில் பதிவாகும் இன்வாய்ஸ்) கட்டாயம் ஆனதே, அதற்காக நாங்கள் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினோம். அதை மாட்டிவிட வந்தவர் "இந்த வரியைச் சேருங்கள்" என்று ஒரு தாளைக் கொடுத்தார். ஹோஸ்டிங்காரர் தனி வரியாகவே சேர்த்துவிட்டார். ஒரு வருஷமாக யாரும் கவனிக்கவில்லை.

இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டேன்.


பயான்_சர்வர்
சனிக்கிழமை, மத்தியானம் 3.05

சேர்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். எஸ்பிஎஃப் வரியைப் படிக்கும் சர்வர் அதிகபட்சம் 10 முறைதான் டிஎன்எஸ்ஸில் தேடும். ஒவ்வொரு இன்குளூடும் (வேறொரு சேவையின் பட்டியலையும் சேர்த்துக்கொள் என்னும் குறிப்பு) ஒரு தேடல், அதற்குள் இன்னும் இன்குளூடு இருந்தால் அதுவும் கணக்கு. பத்தைத் தாண்டினால் மறுபடியும் பெர்ம்எரர். எப்போதோ பயன்படுத்தி விட்டுவிட்ட நியூஸ்லெட்டர் சேவை எல்லாம் அதில் உட்கார்ந்திருக்கும், வெட்டி எறியுங்கள்.

டிகிம்மை உங்கள் மெயில் சேவையின் அட்மின் பக்கத்திலேயே உருவாக்கலாம். சாவி 2048 பிட் எடுங்கள். 2012இல் அமெரிக்காவில் ஒரு கணித நிபுணர், கூகுளே 512 பிட் சாவி வைத்திருந்ததைக் கண்டுபிடித்து உடைத்துக் காட்டினார். 2048 பிட் சாவி ஒரே துண்டில் அடங்காது, டிஎன்எஸ்ஸில் ஒரு சரத்துக்கு 255 எழுத்துதான் எல்லை. சில ஹோஸ்டிங் பக்கங்கள் தானே இரண்டாக வெட்டிக்கொள்ளும், சில மிச்சத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். போட்ட பிறகு வெளியிலிருந்து சோதித்துப் பாருங்கள்.


கேஎல்_கணக்காய்வு
சனிக்கிழமை, மாலை 4.45

இங்கே எல்லாரும் டொமைனைப் பற்றியே பேசுகிறீர்கள். 31 வருஷம் ஆடிட் வேலை பார்த்தவன் கேட்கிறேன். போலி இன்வாய்ஸில் எண் சரி, தொகை சென் வரைக்கும் சரி. அது எப்படி அவனுக்குத் தெரிந்தது?

வெளியிலிருந்து குருட்டாம்போக்கில் அனுப்புகிறவனுக்கு 48,600 என்று எழுத வராது. உங்கள் பக்கமோ ஈப்போ பக்கமோ, யாருடைய மெயில்பாக்ஸையோ ஒருவன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான். கதவுக்குப் பூட்டு போடுவதற்கு முன் அவன் வீட்டுக்குள் இல்லை என்று பாருங்கள், மகளே.


ஆயர்_ஈத்தாம்_அக்கா
சனிக்கிழமை, மாலை 5.10

ஐயா சொல்வதை உடனே செய்யும்மா. ஒவ்வொருவர் மெயில்பாக்ஸிலும் ரூல்ஸ் என்று ஓர் இடம் இருக்கும், வரும் மெயிலைத் தானாக நகர்த்தச் சொல்லும் கட்டளைகள் அங்கேதான், அதைப் பார். ஃபார்வர்டிங் முகவரி ஏதாவது இருக்கிறதா என்றும் பார்.


பிறைவாசி
சனிக்கிழமை, இரவு 8.30

ஆபீஸுக்குத் திரும்ப வந்து 22 பேருடையதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பதினாலாவது ஆளுடையதில் கிடைத்தது. சேல்ஸில் இருக்கும் ஒரு தம்பி. ரூலுக்குப் பெயர் ஒற்றைப் புள்ளி, அவ்வளவுதான், வெறும் ஒரு புள்ளி. அது சொல்வது: ஈப்போ கம்பெனியின் டொமைனிலிருந்து வருவதையும், "பேமென்ட்", "பேங்க்" என்ற சொல் உள்ளதையும் படித்ததாகக் குறித்து ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் ஃபோல்டருக்கு மாற்று. அந்த ஃபோல்டரை எங்கள் ஆபீஸில் யாரும் வாழ்க்கையில் திறந்ததில்லை.

திறந்தேன். உள்ளே ஈப்போக்காரர் அனுப்பிய மெயில். "புது அக்கவுண்ட் நம்பர் சரிதானா, ஒருமுறை உறுதிப்படுத்துங்கள்." செவ்வாய்க்கிழமை காலை 10.12. நகல் அக்கவுண்ட்ஸுக்குப் போடவில்லை, தம்பிக்கு மட்டும் அனுப்பியிருக்கிறார். பதில் திருடன் கொடுத்திருக்கிறான், எங்கள் டொமைன் மாதிரியே இருக்கும் வேறொன்றிலிருந்து. எங்கள் பெயரில் எம் வரும் இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறான். சின்ன எழுத்தில், அதுவும் போனில், எனக்கே தெரியவில்லை.

அவர் ஏமாளி இல்லை. அவர் கேட்டிருக்கிறார். கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது.


கேஎல்_கணக்காய்வு
சனிக்கிழமை, இரவு 9.00

அந்தத் தம்பியைக் கடிந்துகொள்ளாதீர்கள். எப்படி நுழைந்தார்கள் என்று நிதானமாகக் கேளுங்கள். பயந்துவிட்டால் அடுத்த முறை சொல்ல மாட்டார்.


பிறைவாசி
ஞாயிற்றுக்கிழமை, காலை 10.20

கேட்டேன் ஐயா. மூன்று வாரத்துக்கு முன் ஒரு சப்ளையரிடமிருந்து "கொட்டேஷன் பகிரப்பட்டுள்ளது" என்று வந்திருக்கிறது. தெரிந்த சப்ளையர், நிஜமான முகவரி. அழுத்தினால் மெயில் லாகின் மாதிரியே ஒரு பக்கம். பாஸ்வேர்டு போட்டார், போனுக்கு ஆறு இலக்க எண் வந்தது, அதையும் போட்டார். பக்கம் எரர் காட்டியது, மூடிவிட்டார். "ஓடிபி போட்டா சேஃப்தானே சிஸ்" என்று என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.


பயான்_சர்வர்
ஞாயிற்றுக்கிழமை, காலை 11.00

பதில் இதுதான்: அந்தப் போலி லாகின் பக்கம் நடுவில் நின்ற ஆள். தம்பி தட்டியதை அதே நொடியில் நிஜமான லாகினுக்கு அனுப்பி, உள்ளே போனதும் கிடைக்கும் செஷனை (லாகின் ஆகிவிட்டது என்ற அனுமதியை) தான் எடுத்துக்கொண்டது. ஆறு இலக்க எண்ணும் அப்படியே கடந்து போய்விடும், ஏனென்றால் எண்ணுக்கு யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதில் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் சாவி, அப்படி இல்லை. அந்தச் சாவி குறிப்பிட்ட டொமைனோடு கட்டப்பட்டது. போலிப் பக்கத்தில் நின்றால் சாவி அசையவே அசையாது. அக்கவுண்ட்ஸ், சேல்ஸ், முதலாளி, அட்மின், இந்த நாலு பேருக்காவது முதலில் அதைப் போடுங்கள். ஓடிபி ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல், அதை எடுத்துவிட வேண்டாம்.

தம்பியின் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் அவன் வெளியேற மாட்டான். எல்லா செஷனையும் வெளியேற்றுங்கள், ரூலை அழியுங்கள் (அதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், போலீஸ் கேட்கும்), மெயிலைப் படிக்க எந்த ஆப்புக்காவது அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சப்ளையரையும் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் மெயில்பாக்ஸும் போயிருக்கிறது, பாவம், அவருக்குத் தெரியாது.

ஒன்றைக் கவனியுங்கள். சப்ளையரிடமிருந்து வந்த அந்த மெயில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றிலும் பாஸ் ஆகியிருக்கும். நிஜமான டொமைன், நிஜமான சர்வர். டொமைன் யாருடையது என்று டிமார்க் சொல்லும். விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது.


ஆயர்_ஈத்தாம்_அக்கா
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் 12.30

அதையேதான் நானும் சொல்ல வந்தேன். நான் ஒரு பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொருளாளர். எங்களுக்கு வந்தது சாதாரண ஜிமெயில். பெயர் மட்டும் தலைமையாசிரியர் பெயர். "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, பரிசளிப்புக்கு 2,000 வெள்ளிக்குப் போன் ரீலோட் பின் வாங்கி எண்ணை அனுப்புங்கள்." போனில் மெயில் ஆப் பெயரை மட்டும்தான் காட்டும், முகவரியைத் தட்டினால்தான் தெரியும். செயலாளர் கடைக்கே போய்விட்டார். கடைக்காரர்தான் "அக்கா, இவ்வளவு பின்னா? யாருக்கு?" என்று கேட்டு நிறுத்தினார். அந்த மனிதருக்கு இன்றுவரை நன்றி சொல்கிறோம்.


கேஎல்_கணக்காய்வு
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் 2.15

பெரிய கம்பெனிக்கெல்லாம் இது நடக்காது என்று நினைப்பவர்களுக்கு: 2013 முதல் 2015 வரை லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமசௌஸ்கஸ் என்பவர், தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் பெயரில் போலி இன்வாய்ஸ் அனுப்பி, கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமும் சேர்த்து 100 மில்லியன் டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். 2019இல் அவருக்கு ஐந்து வருஷம் சிறை. மெயில் தொழில்நுட்பம் தெரியாதவர்களா கூகுளில் இருக்கிறார்கள்? பணம் கொடுக்கும் மேசையில் "இது அவர்கள்தானா" என்று கேட்கும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான். இந்த வகை மெயில் மோசடியில் 2023இல் மட்டும் 2.9 பில்லியன் டாலர் போனதாக அமெரிக்க எஃப்பிஐயிடம் வந்த புகார்களின் கணக்கு.

நான் ஆடிட் பார்த்த இடங்களில் ஒரே ஒரு விதியைக் கெஞ்சிக் கேட்டு எழுத வைப்பேன். பேங்க் அக்கவுண்ட் மாறுகிறது என்று எந்த வழியில் வந்தாலும், பழைய ஃபைலில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டு, குரல் தெரிந்த ஆளிடம் கேட்க வேண்டும். மெயிலில் கொடுத்திருக்கும் நம்பருக்குக் கூப்பிடக்கூடாது, அதை எடுப்பவனும் திருடன்தான். முதலாளியே அவசரம் என்று கத்தினாலும் கூப்பிட்ட பிறகுதான் பணம். அக்கவுண்ட் எண்ணின் மேல் புகார் இருக்கிறதா என்று காட்டும் போலீஸின் செமாக் மியூல் பக்கத்திலும் போட்டுப் பாருங்கள். ஆனால் அங்கே பெயர் வரவில்லை என்பதால் நல்ல அக்கவுண்ட் என்று நினைத்துவிடக் கூடாது. புதிதாக வாங்கிய கெல்டாய் அக்கவுண்டின் (திருடர்கள் பணம் கடத்தப் பயன்படுத்தும் பிறர் அக்கவுண்ட்) மேல் இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று மகளே. தம்பியின் மெயில்பாக்ஸில் வாடிக்கையாளர்களின் ஐசி (அடையாள அட்டை) நகல், பேங்க் விவரம் ஏதாவது இருந்ததா? தனிநபர் தரவுச் சட்டம் திருத்தப்பட்டு, 1 ஜூன் 2025இலிருந்து பெரும் பாதிப்பு வரக்கூடிய கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். திங்கட்கிழமைவரை காத்திருக்காமல் இன்றே முதலாளியிடமும் வக்கீலிடமும் பேசுங்கள்.


பிறைவாசி
ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.00

பேசிவிட்டேன் ஐயா. வக்கீல் நாளைக் காலை ஆபீஸுக்கே வருகிறார், மெயில்பாக்ஸில் இருந்ததைப் பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஈப்போக்காரர் ஒன்று சொன்னார். "இன்வாய்ஸ்ல க்யூஆர் இருந்துச்சும்மா, ஸ்கேன் பண்ணேன், வருமான வரி பக்கம் வந்துச்சு, நம்பர் சரி, தொகை சரி, அதான் நம்பினேன்." இதற்கு என்ன சொல்வது?


பயான்_சர்வர்
ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.40

க்யூஆர் நிஜமானது. உங்கள் நிஜமான இன்வாய்ஸையே தம்பியின் மெயில்பாக்ஸிலிருந்து எடுத்து, அடியில் இருக்கும் பேங்க் வரியை மட்டும் மாற்றியிருக்கிறான். அந்த இன்வாய்ஸ் பதிவானது என்பதற்கு க்யூஆர் சாட்சி. பிடிஎஃப் அடியில் அச்சடித்த பேங்க் எண்ணுக்கு அது சாட்சி இல்லை. இதை உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் சொல்லுங்கள், நிறைய பேர் இதே நம்பிக்கையில் இருக்கிறார்கள்.


சுங்கை_டுவா
ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.15

ரிஜெக்ட் பக்கம் போவதற்கு முன் என் அனுபவத்தையும் கேளுங்கள். ஒரு பழைய மாணவர் சங்கத்தின் மெயில் குழுவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு ரிஜெக்ட் போட்டது. குழுவுக்கு யாஹூ முகவரியிலிருந்து யாராவது எழுதினால், குழு அதன் அடியில் ஒரு வரியைச் சேர்த்து எல்லாருக்கும் அனுப்பும். வரி சேர்ந்ததும் டிகிம் உடைந்தது, எஸ்பிஎஃப் குழுவின் சர்வருக்குப் பொருந்தவில்லை. எல்லாம் திரும்பி வந்தது. திரும்பி வந்த கணக்கில் எத்தனையோ உறுப்பினர்களைக் குழு மென்பொருளே நீக்கிவிட்டது. உலகம் முழுக்க மெயில் குழுக்களில் இதே கதை. பெரியவர்கள் பலர் எங்களை விட்டுப் போனதே அப்போதுதான். ரிஜெக்ட் எல்லாருக்கும் நல்லது என்று என்னால் சொல்ல முடியாது.


லெபோ_பசார்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.50

அண்ணே, அது பொதுமக்கள் சொந்தமாகக் கடிதம் எழுதும் டொமைன். இது இன்வாய்ஸ் அனுப்பும் டொமைன். மெயில் குழுவில் யார் இங்கே அக்கவுண்ட்ஸ் முகவரியில் எழுதப் போகிறார்கள்? ஒரு கடிதம் தொலைந்தால் போன் போட்டுக் கேட்கலாம். 48,600 வெள்ளியை யாரிடம் கேட்பது?


சுங்கை_டுவா
ஞாயிற்றுக்கிழமை, இரவு 10.05

இன்வாய்ஸ் டொமைனுக்கு நீங்கள் சொல்வது சரி. பெறுகிற சர்வர்கள் அனுப்பும் டிமார்க் ரிப்போர்ட்டைப் படிக்காமல் போடாதீர்கள் என்பதுதான் என் பயம்.


பிறைவாசி
ஐந்து வாரம் கழித்து, புதன்கிழமை, இரவு 9.10

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன், இதைப் படித்துக்கொண்டு நிறைய பேர் தனியாக எழுதிக் கேட்டிருந்தீர்கள்.

முதல் வாரம் எஸ்பிஎஃப்பை ஒரே வரியாக்கி, டிகிம் போட்டோம். நன்னாகவே வைத்து, ரிப்போர்ட் வரும் முகவரியை மட்டும் சேர்த்தோம். தினமும் ஜிப் ஃபைலில் எக்ஸ்எம்எல் வரும். திறந்தால் கண் சுற்றும், அதனால் ஓர் இலவசக் கருவியில் போட்டுப் படித்தேன். எந்த ஐபியிலிருந்து (அனுப்பிய சர்வரின் எண் முகவரி), எங்கள் பெயரில், எத்தனை மெயில், பாஸா ஃபெயிலா, அவ்வளவுதான் அதில்.

சுங்கை டுவா அண்ணன் பயந்தது சரிதான். நாங்கள் அனுப்புகிறோம் என்றே தெரியாத மூன்று இடம் வெளியே வந்தது. இ-இன்வாய்ஸ் சாஃப்ட்வேர், அதற்கு டிகிம் தனியாகப் போட வேண்டியிருந்தது. சம்பளச் சீட்டு அனுப்பும் சேவை. மூன்றாவதைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆனது: முன் அறையில் நிற்கும் ஃபோட்டோஸ்டேட் மெஷின். ஸ்கேன் பண்ணினால் அது நேராக இன்டர்நெட் லைன் வழியாக எங்கள் பெயரில் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. நானும் டெக்னீஷியனும் அதன் மெனுவைப் பக்கம் பக்கமாகத் தட்டி, மெயில் சேவை வழியாக அனுப்பும்படி மாற்றினோம்.

மூன்றாவது வாரம் குவாரன்டைன். ஒரு மெயிலும் தவறிப் போகவில்லை என்று ரிப்போர்ட்டில் பார்த்த பிறகு, போன திங்கட்கிழமை ரிஜெக்ட். கம்பெனி எப்போதோ வாங்கிப் போட்டு, மெயிலே அனுப்பாத இன்னொரு டொமைன் இருந்தது. அதற்கு "யாருக்கும் அனுமதி இல்லை" என்று எஸ்பிஎஃப்பும், அன்றே ரிஜெக்ட்டும். அதற்குக் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

இன்று வந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி. எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஐபி. எங்கள் அக்கவுண்ட்ஸ் டொமைன் பெயரில் 37 மெயில். 37க்கும் ரிஜெக்ட். யாருக்குப் போக இருந்தது என்று அதில் தெரியாது. அந்த வரியைப் பிரிண்ட் எடுத்து முதலாளி மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ஈப்போக்காரருக்குத் திரும்பக் கிடைக்காத தொகையில் பாதியைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்று அவரே போனை எடுத்துச் சொன்னார். "எங்க பேரை நம்பித்தானே போட்டீங்க" என்றார்.


கேஎல்_கணக்காய்வு
புதன்கிழமை, இரவு 9.45

உங்கள் முதலாளிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். போன் பண்ணிக் கேட்கும் விதியை எழுதி ஒட்டியாச்சா?


பிறைவாசி
புதன்கிழமை, இரவு 10.00

ஒட்டியாச்சு ஐயா. எங்கள் இன்வாய்ஸ் அடியிலும் அச்சடித்துவிட்டோம்: பேங்க் அக்கவுண்ட் மாற்றத்தை நாங்கள் மெயிலில் சொல்ல மாட்டோம். சேல்ஸ் தம்பி இப்போது சந்தேகமான மெயில் எது வந்தாலும் முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார், நேற்று மட்டும் மூன்று. ஒன்று நிஜமானது. அதையும் காட்டினாரே என்று சந்தோஷம்தான்.

பயான் அண்ணே, ஓர் உதவி. ஈப்போ ஐயாவின் டொமைனுக்கு எஸ்பிஎஃப் கூட இல்லை, பார்த்துவிட்டேன். சனிக்கிழமை இடிஎஸ் ரயில் ஏறிப் போகிறேன், அவர் மகன் டிஎன்எஸ் பாஸ்வேர்டைத் தேடி எடுத்து வைக்கிறேன் என்றிருக்கிறார். அவர்கள் மெயில் இன்னும் பழைய ஹோஸ்டிங்கோடு வந்த இலவச மெயில்தான். அதில் டிகிம் எங்கே இருக்கும்?


பயான்_சர்வர்
புதன்கிழமை, இரவு 10.20

ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலில் ஈமெயில் பகுதியில் டெலிவரபிலிட்டி என்று இருக்கும், அங்கே தேடுங்கள். இல்லையென்றால் சனிக்கிழமை காலை கூப்பிடுங்கள், வீட்டில்தான் இருப்பேன்.